ஐம்பதாயிரத்துக்குள் ஓர் எழுபத்து மூன்று: ஓர்க்காக்களைக் காப்பது என்றால் எதைக் காப்பது?

உலகக் கடல்கள் அனைத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஏறத்தாழ 50,000 ஓர்க்காக்கள் இருக்கலாம் என்று கடலுயிர் ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். தென்துருவத்துப் பனிக்கடலில் இருக்கின்றன, நார்வேயில் இருக்கின்றன, இலங்கைக்கு அருகிலும் அந்தமான், லட்சத்தீவுக் கடல்களிலும் எப்போதாவது கண்ணில் படுகின்றன. அப்படியிருக்க, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துக்கும் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கும் நடுவில் உள்ள சேலிஷ் கடலுக்கு வந்துபோகும் ஓர்க்காக்களை மட்டும் தனியே பிரித்து, அவை அழியும் நிலையில் உள்ளன என்று கனடா 2003-ஆம் ஆண்டிலும் அமெரிக்கா 2005-ஆம் ஆண்டிலும் சட்டப் பட்டியலில் சேர்த்தன. 2024-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அவை 73 மட்டுமே. கடலூரில் பள்ளிப் பிள்ளைகளிடம் கடலுயிர்களைப் பற்றிப் பேசப் போகும்போது இதைச் சொன்னால், யாராவது ஒரு பிள்ளை உடனே எழுந்து கேட்டுவிடும்: “ஐம்பதாயிரம் இருக்கும்போது எழுபத்து மூன்றைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்?” மிகச் சரியான கேள்வி அது. அழியும் நிலை என்ற சொல்லின் முழுப் பொருளும் அதற்கான விடையில்தான் இருக்கிறது.

முதலில் இந்த உயிரைத் தெரிந்துகொள்வோம். கொலைகாரத் திமிங்கிலம் என்று பெயர் பெற்றிருந்தாலும் ஓர்க்கா டால்பின் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் மீனவர்கள் ஓங்கில் என்றும் ஓங்கல் என்றும் சொல்லும் டால்பின்களுக்கு நெருங்கிய உறவு, அக்குடும்பத்தில் உருவத்தால் மிகப் பெரியது. நன்கு வளர்ந்த ஆண் ஓர்க்கா, கடலூரின் தேவனாம்பட்டினம் கரையில் ஏற்றி வைத்திருக்கும் ஒரு பைபர் படகின் நீளத்துக்கு இருக்கும். அதன் முதுகுத் துடுப்பு மட்டுமே ஓர் ஆள் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கும். கரிய உடல், வெள்ளை வயிறு, கண்ணுக்கு மேலே ஒரு வெள்ளைத் திட்டு, துடுப்புக்குப் பின்னால் சேணம் போட்டதுபோலச் சாம்பல் நிறத் தழும்பு. இந்தச் சாம்பல் தழும்பு ஒன்றுக்கு இருப்பதுபோல் மற்றொன்றுக்கு இருப்பதில்லை. கனடாவைச் சேர்ந்த மைக்கேல் பிக் என்ற ஆய்வாளர் 1970-களில் இதைக் கண்டுகொண்டு, ஒவ்வொன்றையும் புகைப்படம் எடுத்து அடையாளம் காணும் முறையைக் கொண்டுவந்தார். அதற்கு முன்னர் அந்தக் கடலில் ஆயிரக்கணக்கில் ஓர்க்காக்கள் இருப்பதாக மக்கள் நம்பிக்கொண்டிருந்தார்கள். ஒன்று ஒன்றாக எண்ணிப் பார்த்த பிறகுதான், அவர்கள் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தது அதே சில குடும்பங்களைத்தான் என்பது தெரியவந்தது.

குடும்பம் என்ற சொல்லை நான் அலங்காரத்துக்காகப் பயன்படுத்தவில்லை. சேலிஷ் கடலின் இந்த ஓர்க்காக்கள் ஜே, கே, எல் என்று மூன்று கூட்டங்களாக வாழ்கின்றன. ஒவ்வொரு கூட்டமும் தாய்வழியில் கட்டப்பட்டது. மகளும் மகனும் வளர்ந்த பின்னரும் தாயை விட்டுப் பிரிவதில்லை. முப்பது வயதைத் தாண்டிய மகன்கூடத் தாயின் அருகிலேயே நீந்துவான், தாய் இறந்துவிட்டால் அடுத்த ஓராண்டுக்குள் அவனும் இறந்துபோகும் வாய்ப்பு பல மடங்கு கூடுவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பெண் ஓர்க்காக்களுக்கு நாற்பது வயதை ஒட்டிக் குட்டி ஈனும் பருவம் முடிந்துவிடுகிறது. ஆனால் அதன் பிறகும் அவை பல பத்தாண்டுகள் வாழ்கின்றன. மீன் குறைந்த ஆண்டுகளில் கூட்டத்தின் முன்னால் நீந்தி வழிகாட்டுபவை பெரும்பாலும் இந்தப் பாட்டிகள்தாம். எந்தப் பருவத்தில் எந்த ஆற்றின் முகத்துவாரத்துக்கு மீன் வரும் என்பது அவற்றின் நினைவில் இருக்கிறது, பேரப்பிள்ளைகள் பின்னால் நீந்தியே அதைக் கற்றுக்கொள்கின்றன.

பேச்சும் அப்படித்தான். ஒருவர் வாயைத் திறந்து நான்கு வார்த்தை பேசினால் அவர் திருநெல்வேலிப் பக்கமா கடலூர்ப் பக்கமா என்று நமக்குத் தெரிந்துவிடுவதைப்போல, ஓர்க்காக்களின் குரலைப் பதிவுசெய்து கேட்டால் அது எந்தக் கூட்டத்தின் குரல் என்று ஆய்வாளர்கள் சொல்லிவிடுகிறார்கள். அதே கடலில் சீல்களையும் கடல் சிங்கங்களையும் வேட்டையாடி உண்ணும் வேறொரு வகை ஓர்க்காக்களும் உள்ளன. அவற்றுக்கு மைக்கேல் பிக்கின் பெயரையே வைத்திருக்கிறார்கள். மீன் உண்ணும் இவையும் சீல் உண்ணும் அவையும் ஒரே நீரில் எதிரெதிரே கடந்து போனாலும் கூடுவதில்லை, இணைவதில்லை, ஒன்றின் பேச்சை மற்றொன்று பேசுவதில்லை. சீல்கள் பெருகியதால் அந்த வகையின் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருக்கும்போதே இந்த வகை தேய்ந்துகொண்டிருக்கிறது. பசித்தால் இவையும் சீலைத் தின்னலாமே என்று நமக்குத் தோன்றும். ஆனால் எது உணவு என்பதையே பாட்டியிடமிருந்து கற்றுக்கொண்ட உயிர் அது.

எழுந்து கேட்ட பிள்ளைக்கு விடை இங்கே இருக்கிறது. அந்த 73 ஓர்க்காக்களும் மறைந்துவிட்டால் நார்வேயிலிருந்து 73 ஓர்க்காக்களைக் கொண்டுவந்து அந்த இடத்தை நிரப்ப முடியாது. வருபவற்றுக்கு அந்த ஆறுகளும் தெரியாது, அந்த மீனைப் பிடிக்கும் வகையும் தெரியாது. ஆகவே சட்டம் காப்பது ஓர் இனத்தின் மொத்த எண்ணிக்கையை மட்டுமன்று. பிறவற்றோடு கலக்காமல் தனித்து வாழும் ஒரு குலத்தையும், அதன் தலைமுறை அறிவையும் சேர்த்துக் காக்கிறது.

இந்தக் குலம் சிறுத்துப்போனதற்கு முதற்காரணம் மனிதர்கள் நேரடியாகச் செய்த கொடுமை. 1960-களிலும் 70-களிலும் நீர்க்காட்சிச் சாலைகளுக்காக இந்தக் குட்டிகளை வலைபோட்டுப் பிடித்தார்கள். 1970-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் வாஷிங்டன் மாநிலத்தின் பென் கோவ் என்ற சிறு விரிகுடாவில் வெடிகளை வெடித்துக் கூட்டத்தையே ஒதுக்கி, குட்டிகளைத் தாய்களிடமிருந்து பிரித்தெடுத்தார்கள். அப்போது பிடிபட்ட டோக்கிட்டே என்ற பெண் குட்டி, மயாமியில் ஒரு தொட்டிக்குள் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வித்தை காட்டி, ஊருக்குத் திரும்பும் பேச்சு நடந்துகொண்டிருக்கையிலேயே 2023 ஆகஸ்டில் இறந்துபோனது. பிடித்துச் சென்றவை பெரும்பாலும் இளங்குட்டிகள் என்பதால், பிற்காலத்தில் தாயாகவும் தந்தையாகவும் ஆகியிருக்க வேண்டிய ஒரு தலைமுறையே அக்குலத்தில் இல்லாமல் போயிற்று. 1974-இல் எண்ணியபோது 71 இருந்தன. பிடிப்பது நின்ற பின்னர் மெல்லப் பெருகி 1995-இல் 98 வரை வந்தன. பிறகு மீண்டும் இறங்கத் தொடங்கின. இந்த இரண்டாவது இறக்கத்துக்கு வலையோ துப்பாக்கியோ காரணமில்லை என்பதால்தான் அதைப் புரிந்துகொள்வது சற்றுக் கடினமாக இருக்கிறது. பசி, இரைச்சல், நஞ்சு என்ற மூன்றும் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு வேலை செய்கின்றன.

இவற்றின் உணவில் பெரும்பங்கு சினூக் என்னும் பெரிய சால்மன் மீன். (நம் சந்தையில் இந்தியன் சால்மன் என்று சொல்லி விற்கும் காலா மீனுக்கும் இதற்கும் உறவில்லை.) வளர்ந்த ஓர்க்கா ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 18 முதல் 25 சால்மன் வரை தேவைப்படும் என்கிறார்கள். சால்மன் ஆற்றில் பிறந்து, கடலுக்குச் சென்று வளர்ந்து, முட்டையிடத் தான் பிறந்த ஆற்றுக்கே திரும்பும் மீன். ஆற்றின் குறுக்கே அணை எழுந்தால் அதன் வழி அடைபடுகிறது. இது நமக்குத் தொலைவான செய்தி அன்று. வங்காளிகள் இலிஷ் என்று கொண்டாடும் உள்ளம் மீன் ஒரு காலத்தில் கொள்ளிடம் வழியாகக் காவிரிக்குள் முட்டையிட ஏறி வந்தது. நம் மாவட்டத்து வீராணம் ஏரிக்கு நீர் தரும் கீழணையும், பின்னர் 1934-இல் மேட்டூர் அணையும் வந்த பிறகு அந்த வரத்து தேய்ந்துபோயிற்று. அணைகள் நமக்குச் சோறு போட்டன என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்கு விலை கொடுத்தவற்றுள் ஒரு மீனும் உண்டு என்பதைச் சேர்த்தே எழுத வேண்டும்.

அமெரிக்காவில் எல்வா என்ற ஆற்றின் குறுக்கே ஏறத்தாழ நூறாண்டுகள் நின்ற இரண்டு அணைகளை 2011 முதல் 2014 வரை படிப்படியாக இடித்து அகற்றினார்கள். அவ்வாற்றங்கரையின் பழங்குடி மக்கள் இதற்காகப் பல்லாண்டுகள் போராடினார்கள். அணை போனதும் மேல் ஆற்றுக்குச் சால்மன் மீண்டும் ஏறத் தொடங்கியது. ஓர்க்காவைக் காப்பதற்கான வேலை கடலில் தொடங்காமல் ஆற்றின் தலைப்பகுதியில், மலையடிவாரத்தில் தொடங்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது காரணமாகிய இரைச்சலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் கரையில் நின்று பார்ப்பவர்களுக்கு அது தெரிவதே இல்லை. எனக்கு அதைக் காட்டிக் கொடுத்தவர் என் சித்தப்பா. கவளை மீனுக்கு விட்ட வலையை இழுத்துவிட்டுத் தேவனாம்பட்டினத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு காலையில், படகின் இடப்பக்கம் ஐந்தாறு முதுகுகள் நீரை விட்டு எழுந்து அமிழ்ந்தன. “டேய், மோட்டாரை அமத்துடா, ஓங்கல் வருது” என்றார் சித்தப்பா. மோட்டார் அடங்கியதும் அவை ஒவ்வொன்றும் மேலே வந்து மூச்சு விடும் ஓசை, சைக்கிள் டியூபில் காற்று இறங்குவதுபோல, தனித்தனியாகக் கேட்டது. சித்தப்பா மரத் துடுப்பின் பரந்த முனையை நீருக்குள் இறக்கி, கைப்பிடியில் காதை வைக்கச் சொன்னார். வாணலியில் கடுகு வெடிப்பதைப்போன்ற ஓசை இடைவிடாமல் வந்தது, நடுவில் மெல்லிய சீழ்க்கை ஒன்று. சிறிது நேரத்தில் கடலூர்த் துறைமுகத்தை நோக்கி ஒரு விசைப்படகு வெகு தொலைவில் கடந்தது. காற்றில் அதன் ஓசை எனக்கு எட்டவே இல்லை. துடுப்பின் வழியாக உறுமல் மட்டும் வளர்ந்துகொண்டே வந்து கடுகோசையை மூடிவிட்டது.

நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் வேகத்தில் செல்கிறது, காற்றில் செல்வதைப்போல நான்கு மடங்குக்கும் மேல். அதோடு நெடுந்தொலைவு தேயாமல் போகிறது. ஒளியோ சில பத்து மீட்டருக்குள் மங்கிவிடுகிறது. ஆகவே ஓர்க்கா காதால் வேட்டையாடுகிறது. நெற்றியிலுள்ள கொழுப்புத் திரள் வழியாகச் சிறு வெடிப்பொலிகளைக் குவித்து முன்னே அனுப்பி, எதிரொலியைக் கீழ்த்தாடையின் கொழுப்பு வழியாக உள்காதில் வாங்கிக்கொள்கிறது. மீனின் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பையிலிருந்து திரும்பும் எதிரொலியைக் கொண்டே அது சினூக்கா வேறு மீனா என்று பிரித்தறிகிறது. இப்போது படகின் சுழல் விசிறியை எண்ணிப் பாருங்கள். அது விரைந்து சுழலும்போது நீரில் எண்ணற்ற குமிழிகள் தோன்றி நொறுங்குகின்றன. கப்பல் எழுப்பும் இரைச்சலில் பெரும்பகுதி அந்தக் குமிழிகள் நொறுங்கும் ஓசைதான். வேகத்தைக் குறைத்தால் குமிழிகள் குறையும், ஓசையும் குறையும். இந்த எளிய இயற்பியலை நம்பித்தான் வான்கூவர் துறைமுக ஆணையம் 2017-ஆம் ஆண்டு முதல், ஓர்க்காக்கள் இரை தேடும் ஹாரோ நீரிணையில் கப்பல்கள் தாமாகவே வேகத்தைக் குறைத்துச் செல்லும் ஏற்பாட்டை நடத்திவருகிறது.

சிறு படகுகளுக்கு வேறு விதி. ஓர்க்காவின் உடலில் உறிஞ்சுகிண்ணத்தால் ஒட்டிய கருவிகளைக் கொண்டு நடத்தி 2021-இல் வெளிவந்த ஆய்வில், படகுகள் 400 கெஜத்துக்குள் நெருங்கும்போது பெண் ஓர்க்காக்கள் இரை தேடுவதையே கைவிட்டுவிடும் வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தது. அன்றைய பசி அவற்றோடு நின்றுவிடுவதில்லை, குட்டிக்கான பாலையும் கருவையும் தொடுகிறது. 2011-இல் அமெரிக்க அரசு வகுத்த இடைவெளி 200 கெஜம். 2025 ஜனவரி முதல் வாஷிங்டன் மாநிலத்தில் அது 1,000 கெஜம், அதாவது ஏறத்தாழ 914 மீட்டர். ஓர்க்காவைக் காட்டுவதாகச் சொல்லிப் பயணிகளை அழைத்துச் செல்லும் படகுகளுக்கும் இதே விதிதான். அருகில் போய்ப் பார்க்க ஆசைப்படுவதே அதற்குத் துன்பம் தருகிறது என்பதை ஏற்றுக்கொள்ள அங்குள்ளவர்களுக்கும் காலம் பிடித்தது.

நஞ்சைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். மின்மாற்றிகளில் பயன்படுத்திய பிசிபி என்ற வேதிப்பொருளின் உற்பத்தியை அமெரிக்கா 1979-இலேயே தடை செய்துவிட்டது. ஆனால் அது மக்கிப்போவதில்லை. சிறு மீனில் துளியாக இருப்பது பெரிய மீனில் கூடி, பெரிய மீனைத் தின்னும் ஓர்க்காவின் கொழுப்பில் குவிகிறது. நெத்திலியை வஞ்சிரம் தின்பதையும் ஆலைகளை ஒட்டி ஓடும் உப்பனாறு கடலூர் முதுநகரில் கடலோடு சேர்வதையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கணக்கு விளங்கும். வயிறு நிறைந்திருக்கும் வரை நஞ்சு கொழுப்புக்குள் அடங்கிக் கிடக்கிறது. பசி வந்து கொழுப்பு கரையும்போது இரத்தத்தில் கலந்து நோயெதிர்ப்பையும் கருவையும் தாக்குகிறது, தாய்ப்பால் வழியாக முதற்குட்டிக்குப் போய்ச் சேர்கிறது.

இதையெல்லாம் எப்படிக் கண்டறிந்தார்கள் என்று கேட்டால், வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் டக்கர் என்ற நாயைப் படகின் முனையில் நிற்க வைத்தார்கள். கடல்மேல் மிதக்கும் ஓர்க்காவின் கழிவை வெகு தொலைவிலிருந்தே அது மோப்பம் பிடித்துத் திசை காட்டும். விலங்கைத் தொடாமலே, அந்தக் கழிவிலுள்ள ஹார்மோன்களை வைத்து அது கருவுற்றிருக்கிறதா, பசித்திருக்கிறதா என்று அளந்தார்கள். 2008 முதல் 2014 வரை அவர்கள் கண்டறிந்த கருக்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பிழைக்கவில்லை.

பிழைக்காத ஒரு குட்டியை உலகமே பார்த்தது. 2018-ஆம் ஆண்டுக் கோடையில் ஜே கூட்டத்தைச் சேர்ந்த தாலெக்குவா என்ற தாய்க்குப் பிறந்த பெண் குட்டி அரை மணி நேரத்தில் இறந்துவிட்டது. தாய் அந்த உடலைத் தலையால் தாங்கிக்கொண்டு 17 நாட்கள், ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் நீந்தியது. உடல் நழுவி அமிழும்போதெல்லாம் ஆழ மூழ்கி மீண்டும் தூக்கிக்கொண்டு வந்தது. 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அதே தாய் மற்றொரு குட்டியையும் இழந்து, அதையும் அவ்வாறே சுமந்தது. இந்தச் செய்தியை இன்றும் என்னால் பதற்றமின்றிப் படிக்க முடிவதில்லை.

நம் கடலுக்கு வருவோம். கடலூர், புதுச்சேரிக் கரைகளில் ஓர்க்காவைத் தேடிப் போக வேண்டியதில்லை. அதன் உறவினர்களாகிய ஓங்கில்கள் இங்கே இருக்கின்றன. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணை அவற்றுக்கு மிக உயர்ந்த பாதுகாப்பை அளிக்கிறது. டால்பின்களை அடைத்து வைத்துக் காட்சி நடத்துவதற்கு 2013 முதல் நம் நாட்டில் அனுமதி கிடையாது. டோக்கிட்டேயின் கதையை அறிந்தவர்கள் அந்த முடிவின் அருமையை உணர்வார்கள். ஆனால் இங்கே ஓங்கிலுக்குப் பெரிய ஆபத்து, அதைப் பிடிக்க எண்ணாமல் விட்ட செவுள் வலை. சிக்கினால் மூச்சுக்கு மேலே வர முடியாமல் திணறிச் சாகிறது. வலையை அறுத்து அதை விடுவித்தால் அந்த மீனவருக்கு அன்றைய மீன்பாடும் போகிறது, வலையும் போகிறது. மகாராஷ்டிர அரசு 2018 முதல், பாதுகாக்கப்பட்ட உயிரை விடுவிப்பதற்காக வலையை அறுத்த மீனவருக்கு 25,000 ரூபாய் வரை இழப்பீடு தருகிறது. அத்தகைய உதவி எந்த மீனவ ஊரிலும் அலைக்கழிப்பின்றிக் கைக்கு வந்துசேர வேண்டும். இரக்கத்துக்கான செலவை ஏழையின் தலையில் மட்டும் கட்டுவது நியாயமாகாது.

கரை ஒதுங்கும் ஓங்கிலைக் கண்டால் செய்ய வேண்டியவை சில உண்டு. உடனே வனத்துறைக்குத் தகவல் சொல்ல வேண்டும். வாலைப் பிடித்து இழுக்கக் கூடாது. உடலின்மேல் ஈரத் துணி போர்த்தி வெயில் படாமல் பார்த்துக்கொள்ளலாம், ஆனால் தலைமேல் உள்ள ஊதுதுளையைத் துணியாலோ நீராலோ மூடிவிடக் கூடாது, அது மூச்சு விடும் மூக்கு.

பல ஓங்கில்கள் ஒன்றாக ஒதுங்கும்போது வேலை இன்னும் கடினமாகிறது. 2016 ஜனவரியில் திருச்செந்தூருக்கு அருகே மணப்பாடு கடற்கரையில் எண்பதுக்கும் மேற்பட்ட பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கின. அதே கடற்கரைப் பகுதியில் 1973-ஆம் ஆண்டுப் பொங்கலன்று 147 ஒதுங்கியதாகப் பதிவு உள்ளது. பெயரில் திமிங்கிலம் இருந்தாலும் இவையும் ஓர்க்காவைப்போல டால்பின் குடும்பத்தவை, இவையும் உறவை விட்டுப் பிரியாதவை. மணப்பாட்டு மீனவர்கள் இரவும் பகலும் அவற்றை ஆழத்துக்குத் தள்ளிவிட்டார்கள், படகில் கட்டி இழுத்துச் சென்று விட்டார்கள். விடப்பட்டவற்றுள் பல, திரும்பி நீந்திக் கரைக்கே வந்தன. அவற்றின் குலத்தார் இன்னும் மணலில் கிடந்தார்கள். நியூசிலாந்தில் பயிற்சி பெற்ற மீட்புக் குழுவினர் இதனால்தான் முதலில் மிதக்கும் ஒன்றை உடனே போகவிடுவதில்லை. இடுப்பளவு நீரில் அதன் பக்கத்தில் நின்று, கையால் பிடித்து நிமிர்த்தி வைத்துக்கொண்டு, கடைசி ஒன்று மிதக்கும் வரை காத்திருந்து, எல்லாவற்றையும் சேர்த்தே அனுப்புகிறார்கள்.